முக்காடு இல்லாமல்

டிரெஸ்ஸிங் நடக்குது மங்களேஸ்வரி, முடிஞ்சதும் கூப்பிடுறேன், அதுவரைக்கும் இப்படி உட்காருங்க என்று பெஞ்சைக் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக் கவுன்சலர் ஸ்டெல்லா மேடம் தீக்காய வார்டின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். கதவு திறந்து மூடிய அந்தச் சின்ன இடைவெளியில் வாசனை வெளியே வந்துவிட்டது. வெள்ளைக் களிம்பும் டெட்டாலும் அவித்த முட்டையும் அதற்கெல்லாம் அடியில் பெயர் சொல்ல முடியாத இன்னொன்றும் சேர்ந்த வாசனை. அது நேராக வந்து மங்களேஸ்வரியின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. போய்விடலாமா என்றிருந்தது அவளுக்கு. கீழே வேப்பமரத்தடியில் புருஷன் சோலைராஜ் ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டுக் காத்துக்கொண்டிருக்கிறான், படியிறங்கினால் வீடு, யார் என்ன கேட்கப்போகிறார்கள், தலைவலி என்றால் ஸ்டெல்லா மேடம் நம்பிவிடுவார், நம்பாவிட்டாலும் நம்பியது போலத் தலையாட்டுவார், அதுதான் அவரிடம் உள்ள கஷ்டம். ஆனால் கடை மேனேஜரிடம் காலையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அரைநாள் லீவு கேட்டிருந்தாளே. எதுக்கும்மா என்றார். என்னை மாதிரி ஒரு பொண்ணு ஆஸ்பத்திரியில கெடக்கு சார், பார்த்துப் பேசிட்டு வரணும் என்றாள். என்னை மாதிரி என்ற சொல்லைக் கேட்டதும் அவர் கால்குலேட்டரைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அவர் எப்போதும் அப்படித்தான். ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் அவள் நின்ற காலத்தில், எந்தச் சேலையையும் தன் தோளில் போட்டுக் காட்டினால் போதும், பார்க்கிறவர்கள் அதையே கட்டிவையுங்கள் என்பார்கள், மங்களம் தோள்ல விழுந்தா நூல்சேலைகூட பட்டுதான் என்று இதே மேனேஜர்தான் சொல்லுவார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து திரும்ப வேலைக்குப் போனபோது, நீ ஏம்மா கால்கடுக்க நிக்கணும், குடோன்ல ஃபேனுக்கு அடியில உட்கார்ந்து விலைச்சீட்டு ஒட்டு, யாரும் உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டாங்க என்றார். யாருக்குத் தொந்தரவு என்று அவளுக்குத் தெரியாதா. சேலை வாங்கத்தானே சார் வர்றாங்க, என்னையவா வாங்க வர்றாங்க என்று கேட்டுவிட்டுப் பழைய இடத்திலேயே போய் நின்றாள். முதல் நாள் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வந்த கூட்டம் ஒன்று அவளைக் கண்டதும் அடுத்த பிரிவுக்கு நழுவியது. சாயங்காலம் ஒருத்தி வந்தாள், தடித்த உடம்பு, வாயில் வெற்றிலை, அதை எடு இதை எடு என்று அலமாரியையே கவிழ்க்க வைத்து, மலைபோல் சேலைகளை விரிக்கச் சொல்லி, கடைசியில் ஒன்றும் மனசுக்குப் பிடிக்கலை என்று எழுந்து போய்விட்டாள். மங்களேஸ்வரிக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. பாவம் என்று நினைத்திருந்தால் ஒன்றாவது எடுத்திருப்பாளே. அந்த வெற்றிலைக்காரி அவளைச் சாதாரண சேல்ஸ்கேர்ளாக நினைத்து உயிரை எடுத்துவிட்டுப் போயிருந்தாள். அந்த மகராசி நல்லா இருக்கணும்.

எதிர்ச்சுவர் ஓரமாக நின்றிருந்த பெண்மணி மெல்ல நகர்ந்து வந்து பெஞ்சின் மறு நுனியில் உட்கார்ந்தாள். கசங்கிய சேலை, தூங்காத கண், கையில் ஒரு பூப்போட்ட துண்டு. கோகிலாவோட அம்மாங்க என்றாள். உள்ளே கிடக்கிற பெண் கோகிலவாணி, காலேஜ் முடிக்கப்போகிற பிள்ளை, கார்த்திகைக்கு வாசலில் வரிசையாக விளக்கு வைத்துக்கொண்டே போனவளின் துப்பட்டா நுனி பின்னால் இருந்த அகலில் விழுந்திருக்கிறது, நைலான் துணி, பற்றியது பற்றியதுதான். இதெல்லாம் ஸ்டெல்லா மேடம் போனிலேயே சொல்லியிருந்தார். உடம்பு தேறிவருகிறது, பிள்ளைதான் தேறவில்லை, பேச மாட்டேன் என்கிறாள், முட்டையைத் துப்புகிறாள், கழுத்துப் பயிற்சி கொடுக்க வருகிறவரிடம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், நீங்க ஒரு தடவை வந்து பார்க்கிறீங்களா என்று கேட்டிருந்தார். பார்க்கிறேன் என்று சொன்னது இந்த வாய்தான். இப்போது அதற்கு எச்சில் வற்றிக் கிடக்கிறது. அந்த அம்மா எதையோ சொல்ல வந்து, விழுங்கி, மறுபடி வந்து, “நீங்க தப்பா நெனைக்கக் கூடாது தாயி” என்றாள். தப்பாக நினைக்கக் கூடாத விஷயம் எதுவும் இப்படி ஆரம்பிப்பதில்லை. “சொல்லுங்கம்மா.” “இல்ல, உள்ள போறப்ப முந்தானையை இப்படி லேசா முக்காடு மாதிரி போட்டுக்கிட்டுப் போனா… அவ இன்னும் கண்ணாடியே பார்க்கலை. போனைக்கூட வாங்கி ஒளிச்சு வச்சிருக்கோம். உங்களைத் திடுக்குனு பார்த்தா, நாமளும் இப்படித்தான் இருப்போமோன்னு மனசு ஒடிஞ்சிரும். எல்லாம் சரியாப்போயிரும்னு மட்டும் சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.” அந்த அம்மா இன்னும் கிட்டே நகர்ந்து, குரலைத் தாழ்த்தி, “உங்களுக்கு யாரு தாயி பண்ணுனது? வீட்டுக்காரரா?” என்றாள்.

யாரு பண்ணுனது. முள் மாதிரி அந்தக் கேள்வி. எங்கே போனாலும் சேலையைப் பிடித்து இழுக்கிறது. கேஸ் டியூபில் கசிவு, விடியற்காலை, பால் காய்ச்ச எழுந்தவள் சுவிட்சைப் போட்டாள், அவ்வளவுதான், நீலமாக ஒரு அலை வந்து முகத்தில் அறைந்தது. இதற்கு மேல் அதில் கதை இல்லை. ஆனால் யாருக்கும் அது போதவில்லை. பொம்பளை எரிந்தால் ஒன்று அவளே ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும், இல்லை எவனாவது ஊற்றியிருக்க வேண்டும், சும்மா எரிய அவளுக்கு உரிமை கிடையாது. கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டு வாக்குமூலம் வாங்க மாஜிஸ்ட்ரேட் வந்து உட்கார்ந்து, பயப்படாம சொல்லுங்கம்மா, யாரும் இங்க இல்லை என்றாரே, நல்ல மனுஷன், உண்மையாகவே அவளைக் காப்பாற்றத்தான் வந்தார், அந்தக் குரல் இருக்கிறதே, மெத்மெத்தென்று, அதைக் கேட்கக் கேட்க அவளுக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. உதடு வீங்கி ஒட்டிக்கொண்டிருக்க, ஒவ்வொரு சொல்லாகப் பிய்த்துப் பிய்த்து, கேஸ், சார், கேஸ்தான் என்று சொன்னாள். வெளியே சோலைராஜை உட்காரவைத்து அதே கேள்வி. போர்வையோடு அவள்மேல் விழுந்து தீயை அமுக்கியவன். இரண்டு உள்ளங்கையும் வெந்து கட்டுப்போட்ட மனுஷனிடம், நீ ஏன்டா அவ்வளவு நேரம் கழிச்சு எழுந்திரிச்சே என்று அவளுடைய சொந்த அண்ணனே சட்டையைப் பிடித்தான். விசாரணை முடிந்தது, போலீஸ் போனது, அண்ணன்கூடப் பிறகு மன்னிப்புக் கேட்டான், ஆனால் அந்தக் கேள்வி சோலைராஜுக்குள் குடியேறிவிட்டது. அவனே தன்னைக் கேட்டுக்கொள்ள ஆரம்பித்தான். ஏன் லேட்டா எழுந்தேன். ராத்திரி படுக்கப் போகும்முன் ரெகுலேட்டரை ஏன் மூடவில்லை. இப்போதும் சாப்பிட்டுக்கொண்டே இருப்பான், பாதிச் சோற்றில் எழுந்து போய் அடுப்பை முகர்ந்துவிட்டு வருவான். இண்டக்‌ஷன் ஸ்டவ் வாங்கி வந்து, இனிமே இந்த வீட்டுக்குள்ள நெருப்பே வேண்டாம் மங்களம் என்றான். அவளும் சரி என்றுதான் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்ன நினைத்தாளோ, பரணில் கிடந்த பழைய அடுப்பை இறக்கித் துடைத்துப் புது டியூப் மாட்டச் சொல்லி, தீப்பெட்டியைக் கையில் எடுத்தாள். வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சினான் அவன், வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வரவும் முடியாமல் போகவும் முடியாமல். முதல் குச்சி ஒடிந்தது. அடுத்தது அணைந்தது. எத்தனை வருஷம் இவளுக்குச் சோறு பொங்கிப்போட்ட தீ, ஒரு நாள் புத்தி கெட்டுப்போய்க் கடித்துவிட்டது, அதற்காக அதற்குப் பயந்துகொண்டு அடுப்படிக்கே போகாமல் செத்துப்போவதா, போடி, நீயா நானா பார்த்துவிடலாம் என்று வாய்விட்டே திட்டிக்கொண்டு அடுத்த குச்சியை உரசினாள். பற்றியது. நீலப்பூவாக நின்று எரிந்தது. அதன்மேல் பாலை வைத்துவிட்டுத்தான் அழுதாள். சோலைராஜ் வாசற்படியிலேயே உட்கார்ந்து அவளைவிட அதிகமாக அழுதான். தீக்காயம் பட்டவர்கள் கூடிப் பேசுகிற சனிக்கிழமைக் கூட்டத்துக்கு அவனையும் வாங்க என்று ஸ்டெல்லா மேடம் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். கீழே வேப்பமரம் வரைக்கும் வருவான். படி ஏற மாட்டான்.

“யாரும் பண்ணலம்மா” என்றாள் மங்களேஸ்வரி. “கேஸ் கசிஞ்சுது. எங்க வீட்டுக்காரர்தான் காப்பாத்துனாரு.” அந்த அம்மா தலையை ஆட்டினாள். நம்பவில்லை என்று தெரிந்தது. நம்பாமல் இருந்துவிட்டுப் போகட்டும். நாளைக்கு இவள் மகளையும் இதே கேள்வி கேட்கத்தானே போகிறார்கள், விளக்கில் துப்பட்டா விழுந்ததா, இல்லை ஏதாவது காதல் விவகாரமா என்று. அப்போது தெரியும் இந்த அம்மாவுக்கு. சீ, என்ன நினைப்பு இது. பெற்ற வயிறு, பாவம், தூங்கி எத்தனை நாளோ. ஆனாலும் கோபம் அடங்கவில்லை, நெஞ்சில் தட்டித் தட்டி எழுந்தது, கோபம் இருக்கிறவரை பயம் தெரியாது என்பதால் அவளும் அதை அடக்கவில்லை. முக்காடு போட்டுக்கொண்டு போ. எல்லாம் சரியாகிவிடும் என்று சொல். அவள் கட்டிலில் கிடந்தபோது எத்தனை பேர் வந்து சொன்னார்கள். ஒருத்தி, உசிர் தப்பிச்சதே பெரிசு என்றாள். இன்னொருத்தி, நல்லவேளை உனக்குக் கல்யாணம் ஆயிருச்சு என்றாள், அதில் என்ன நல்லவேளை என்று இன்றைக்கும் புரியவில்லை. போன ஜென்மத்துக் கணக்கு என்று ஒரு பெரியம்மா. எல்லாருமே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்கள், சலைன் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்கள். பேசியவர்களுடைய ஒரு சொல்லும் உள்ளே இறங்கவில்லை. ஸ்டெல்லா மேடம் மட்டும் ஒன்றும் சொல்லாமல் வந்து உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் என்ன பண்ணுது என்று கேட்டார். அரிக்குது என்றாள் மங்களேஸ்வரி. வலியைப் பற்றி எல்லாரும் கேட்டார்கள், இந்த அரிப்பைப் பற்றி ஒருத்தரும் கேட்டதில்லை. தொடையில் தோலெடுத்துக் கழுத்தில் ஒட்டியிருந்தது, எடுத்த இடமும் அரித்தது, ஒட்டிய இடமும் அரித்தது, சொறியக் கூடாது, சொறிந்தால் பிய்ந்துவிடும், பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கும். பிறகு சனிக்கிழமைக் கூட்டத்தில், மாடியில் அந்தச் சின்ன அறையில், முதல் தடவையாகப் பேசச் சொன்னபோது அவள் வாயிலிருந்து வந்ததும் அந்த அரிப்புதான். பஸ்ஸில் ஆட்கள் பார்க்கிறார்களே என்றுகூடப் பாராமல் கம்பியில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றேன், கோயில் யானை மாதிரி என்றாள். அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை வெந்த முகங்களும் ஒரே சமயத்தில் சிரித்தன. கொல்லன் பட்டறையில் கண்ணை இழந்த ஒருத்தர் நான் கதவு நிலையில தேய்ப்பேன்மா என்றார். சிரித்துச் சிரித்து ஒட்டுப்போட்ட கன்னமெல்லாம் இழுத்துக்கொண்டு வலித்தது. ஏதோ தப்புச் செய்துவிட்டவள் போல அதுவரை நடமாடிக்கொண்டிருந்தவள், அந்த அறையைவிட்டு இறங்கும்போது முந்தானையைத் தலையிலிருந்து இறக்கிவிட்டிருந்தாள். ஆனால் அந்தப் பெண்ணிடம் அரிப்பைப் பற்றியா போய்ப் பேசுவது. இருபத்தொரு வயசு. ஒரு வரன் வேறு பேசி முடித்திருந்தார்களாம், அந்தப் பக்கமிருந்து இப்போது போன் வருவதில்லையாம். அந்தக் கட்டிலின் பக்கத்தில் போய் நின்றதும் இவளுக்கே தான் அங்கே கிடப்பதுபோல் தோன்றிவிட்டால், போர்வை மேலே படாமல் இருக்க வைக்கும் அந்த இரும்புக் கூண்டைப் பார்த்ததும் மூச்சு அடைத்துவிட்டால், அவள் கண்முன்னே இவள் மயங்கி விழுந்தால். விழட்டும். விழுந்தால் நர்ஸ் தூக்கிவிடுவாள். அவ்வளவுதானே.

கதவு திறந்தது. ஸ்டெல்லா மேடம் தலையை நீட்டி, வாங்க என்றார். மங்களேஸ்வரி செருப்பைக் கழற்றினாள். கோகிலாவின் அம்மா பதறி எழுந்து, கையிலிருந்த பூப்போட்ட துண்டை நீட்டினாள். “இதையாச்சும் கழுத்தைச் சுத்திப் போட்டுக்கங்க தாயி. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன்.” மங்களேஸ்வரி அந்தத் துண்டை வாங்கி, மடித்து, அவள் கையிலேயே திரும்ப வைத்தாள். “மூடிக்கிட்டுத்தான் போகணும்னா நான் எதுக்கும்மா? சரியாப் போயிரும்னு சொல்ல ஊர்ல ஆளா இல்லை? உங்க மகளுக்கு நான் பொய் சொல்ல மாட்டேன். பிடிக்கலைன்னா இப்பவே சொல்லுங்க, போயிடுறேன்.” சொல்ல வேண்டியது வந்துவிட்டது. அந்த அம்மா ஸ்டெல்லா மேடத்தைப் பார்த்தாள். அவர் கதவை இன்னும் அகலத் திறந்து பிடித்தார். பிறகு, “நீங்களும் வாங்கம்மா” என்றார்.

ஜன்னலோரக் கட்டில். கொசுவலைக்குள் கூண்டு, கூண்டுக்குமேல் பச்சைப் போர்வை, தலையணையில்லாமல் மல்லாந்து கிடந்தாள் கோகிலா, கழுத்து நிமிர்ந்து மோவாய் மேல்நோக்கி இருக்கும்படி. இடது கன்னத்திலும் கழுத்திலும் புதுக்கட்டு. அதற்கு மேலே இளஞ்சிவப்பாக, ஈரமாக, தோலுரித்த பழம்போல ஒரு நெற்றி. மங்களேஸ்வரிக்குக் காதில் நீலமாக ஒரு சத்தம் கேட்டது. கட்டில் கம்பியைப் பிடித்தாள். கம்பி சில்லென்றிருந்தது. இது இவளுடைய கட்டில். என் கட்டில் இல்லை. என் கட்டிலிலிருந்து நான் எப்போதோ எழுந்து போயாயிற்று, சேலை விற்றுக்கொண்டிருக்கிறேன், நேற்றுக்கூட ஒரு கிழவியோடு விலைக்குச் சண்டை போட்டேன். மூச்சு ஒழுங்குக்கு வந்தது. கொசுவலையைத் தூக்கிச் செருகிவிட்டு, ஸ்டூலை இழுத்து, அந்தப் பெண் கண்ணை மட்டும் திருப்பினால் தெரிகிற இடத்தில் உட்கார்ந்தாள். பெயரைச் சொன்னாள். சொல்வதற்கு நெஞ்சில் கட்டிக்கொண்டு வந்ததெல்லாம் எங்கே போனதோ. மேலே ஃபேன் சுற்றியது. பக்கத்துக் கட்டிலில் யாரோ தண்ணீர் கேட்டார்கள். கோகிலாவின் கண்கள் ரொம்ப நேரம் கூரையிலேயே இருந்தன, பிறகு நகர்ந்தன. மங்களேஸ்வரியின் நெற்றி, இழுபட்டு ஓரம் தாழ்ந்த கண், பாதிக் காது, வரிவரியாய்த் தடித்த கழுத்து, அங்கிருந்து மறுபடி மேலே. அப்படிப் பார்க்கிற கண்ணை அவள் இதுவரை கண்டதில்லை. அதில் பயமில்லை, இரக்கமில்லை, துணி வாங்க வந்தவள் நெசவைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. அசையாமல் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“எங்கம்மா உங்ககிட்ட என்ன சொல்லச் சொன்னாங்க?” என்றாள் கோகிலா. உடைந்த, பழகாத குரல். கால்மாட்டில் நின்ற அம்மா வாயில் துண்டை வைத்துக்கொண்டாள், பேசிவிட்டாளே பிள்ளை.

“எல்லாம் சரியாப் போயிரும்னு.”

“போகுமா?”

“போகாது” என்றாள் மங்களேஸ்வரி. “பழைய முகம் வராது. எனக்கு வரலை. இது நம்ம முகமா ஆகிறதுக்குக் கொஞ்ச நாள் ஆகும், அவ்வளவுதான். ஆரம்பத்துல ரோட்டுல பார்க்கிறவங்க எல்லார் மேலயும் கோபம் வரும். வரட்டும், நல்லது. கோபத்துல வேகமா நடப்போம்.”

கோகிலா சிரிக்கவில்லை. ஆனால் எதையோ மென்று பார்ப்பதுபோல் உதட்டை அசைத்தாள். “முட்டை நாறுதுக்கா.”

“நாறும். மூக்கைப் பிடிச்சுக்கிட்டு முழுங்கு. புதுத்தோல் அதுல இருந்துதான் வரணும். நான் அதைக் கெட்ட வார்த்தையில திட்டிக்கிட்டே திம்பேன்.”

“என்ன வார்த்தை?”

மங்களேஸ்வரி குனிந்து காதருகே சொன்னாள். கோகிலாவின் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது, சிரிக்கப் போய் வலித்த சத்தம். பிறகு, “கண்ணாடி இருக்கா?” என்றாள்.

அம்மா ஐயோ என்று முன்னால் வந்தாள். வேண்டாம் தாயி, இன்னைக்கு வேண்டாம், ஆறட்டும், முழுசா ஆறட்டும். மங்களேஸ்வரி ஸ்டெல்லா மேடத்தைத் திரும்பிப் பார்த்தாள். கேட்கிறவரைக்கும் காட்டக் கூடாது, கேட்டால் மறைக்கக் கூடாது என்று அவர் கூட்டத்தில் சொல்வதுண்டு. அவர் கோகிலாவின் பக்கத்தில் வந்து நின்று, முதல்ல என்ன தெரியும்னு சொல்றேன், அப்புறம் பாரு, எப்ப வேணும்னாலும் கண்ணை மூடிக்கலாம் என்று நிதானமாகச் சொன்னார். வீக்கம் இருக்கும், நிறம் இப்படியே இருக்காது, புருவம் இல்லை. எனக்கும் இல்லை, நான் பென்சில்ல வரையறது என்றாள் மங்களேஸ்வரி. கையகலக் கண்ணாடி ஒன்றை ஸ்டெல்லா மேடம் எடுத்து நீட்டினார். கோகிலா பார்த்தாள். கண்ணை மூடினாள். கூண்டுக்கடியிலிருந்து விரல்கள் நீண்டு வந்து மங்களேஸ்வரியின் மணிக்கட்டைப் பற்றின, நகம் பதிந்தது, வலித்தது, கையை இழுத்துக்கொள்ளவில்லை அவள். கோகிலா மறுபடி கண்ணைத் திறந்தாள். இந்தத் தடவை ரொம்ப நேரம் பார்த்தாள். கண்ணோரத்திலிருந்து நீர் காதுக்குள் வழிந்தது. யாரும் அழாதே என்று சொல்லவில்லை.

கண்ணாடியைத் தானாகவே தள்ளினாள். கால்மாட்டைப் பார்த்தாள். அங்கே அம்மா சுவரில் தொங்கிய காலண்டரையே வெறித்தபடி நின்றிருந்தாள்.

“அம்மா.”

“சொல்லு தங்கம்.”

“இங்க வந்ததுல இருந்து நீ ஒரு தடவைகூட என்னைப் பார்க்கலை.”

“என்னடா பேசுற, ராப்பகலா உன் பக்கத்துலதானே கெடக்கேன்.”

“பக்கத்துல இருக்க. பார்க்கலை. முட்டை ஊட்டுறப்பக்கூட தட்டைத்தான் பார்க்கிற.” மூச்சு வாங்கியது அவளுக்கு. மங்களேஸ்வரியின் மணிக்கட்டை விடவில்லை. “நானே பார்த்துட்டேன். இப்ப நீ பாரு.”

அந்த அம்மா கால்மாட்டிலிருந்து தலைமாட்டுக்கு வந்தாள். நாலடி தூரம்தான். ஊரைச் சுற்றிக்கொண்டு வருபவள்போல் கம்பியைத் தடவித் தடவி வந்தாள். குனிந்தாள். முதலில் கட்டைப் பார்த்தாள், பிறகு நெற்றியை, பிறகு வேறெங்கும் போக இடமில்லாமல் மகளின் கண்ணை. உதடு கோணி உடைந்து அழுகை கிளம்பியது.

“அழாம பாரு” என்றாள் கோகிலா.

அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.